சந்தனமாரியின் ஆல்பமும் என் தலையும்

பிப்ரவரி 8, ஞாயிறு

புது வருஷத்துக்குக் கடலைமிட்டாய்க் கம்பெனியில் கொடுத்த டைரி இது. அக்கா இதை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்திருந்தாள். இன்று மீட்டுவிட்டேன். பெரிய மனிதர்கள் எல்லாரும் டைரி எழுதியிருக்கிறார்கள். நான் எழுதாமல் விட்டால் கோவில்பட்டி வரலாற்றில் ஓட்டை விழும்.

தங்கப்பழம் ஒலி ஒளி அமைப்பகம் என்றால் தெரியாதவர் கிடையாது. உரிமையாளர், அறிவிப்பாளர், ஒயர் சுருட்டுபவர் எல்லாம் நானே. எட்டாம் வகுப்பைக் கரைத்துக் குடித்தவன். ஒன்பதுக்குப் போகாதது பள்ளிக்கூடத்தின் துரதிர்ஷ்டம். என் குரல் ஒலிக்காத கோயில் கொடை விழா நாலு ஜில்லாவில் இல்லை. ஒருமுறை வேம்பாரில் நான் பேசியதைக் கேட்டுத்தான் நடுக்கடலில் வழி தவறிய படகு கரை சேர்ந்தது. கல்யாணத்துக்கு நேரம் வாய்க்கவில்லை. என் உச்சியில் இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். ஒன்றுக்கே ஆள் வரவில்லை என்பது வேறு விஷயம். சாப்பாடு அடுத்த வீட்டில், பேச்சியம்மா அக்கா கையால்.

எழுதத் தொடங்கிய காரணம் அக்கா மகள் சந்தனமாரி. பெண்கள் தொழிற்பயிற்சி மையத்தில் முடிதிருத்தும் கலை படிக்கிறாள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெட்டுகிற படிப்பு. இன்று மத்தியானம் நான் சோற்றில் கை வைத்த நேரம் வந்து நின்றாள்.

"மாமா, ஒரு தலை வேணும்."

"யாரு தலைட்டி?"

"யாரு தலைன்னாலும் சரி. ஆனா கடைசி வரைக்கும் அதே தலையா இருக்கணும்."

அங்கே பரீட்சைத் தாள் எல்லாம் இல்லையாம். போர்ட்ஃபோலியோ என்று ஒன்று தயார் செய்ய வேண்டுமாம். நான் ஆல்பம் என்றே எழுதுகிறேன், அதுதான் வாயில் நிற்கிறது. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் வெட்டுமுன் ஒரு படம், வெட்டியபின் ஒரு படம். கீழே என்ன செய்தேன், எங்கே தவறியது, அடுத்த தடவை எப்படி என்று கைப்பட எழுத வேண்டும். ஒரே தலையாக இருந்தால்தான் பிள்ளையின் கை எப்படித் தேறுகிறது என்று தெரியுமாம். அவர்களுடைய பியூலா மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்.

உள்ளேயிருந்து அத்தான் குரல் வந்தது. "உங்க மாமன் தலையை எடுத்துக்க. உள்ள ஒண்ணுமில்ல, சேதாரம் வராது."

அத்தான் மாடசாமி தீப்பெட்டி ஆபீசில் மேற்பார்வை. வீட்டிலும் அதே உத்தியோகம். பெண்பிள்ளை ஆம்பளை தலையைத் தொட்டு வேலை பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரல் மாதத்துக்குள் ஒரு வேலை அமைந்தால் சரி, இல்லையென்றால் திண்டுக்கல் பக்கம் நூல் மில்லில் மூன்று வருஷம் தங்கி வேலை பார்க்க வேண்டியது என்று சொல்லிவிட்டார். மில்லுக்கு ஆள் சேர்க்கிற குருசாமியிடம் பேசியும் வைத்துவிட்டார். மதுரையில் ஒரு பெரிய சலூன் இந்த ஆல்பங்களைப் பார்த்து இரண்டு பேரை எடுக்கப் போகிறது. மாரியின் வாழ்க்கை அந்த இரண்டில் தொங்குகிறது.

"என் தலை உனக்குத்தாண்டி" என்று சொல்லிவிட்டேன். கர்ணனுக்குப் பிறகு இப்படி ஒரு தானம் நடந்ததில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

முதல் வெட்டு. முற்றத்தில் நாற்காலி போட்டு, அக்காவின் பழைய சேலையைக் கழுத்தில் கட்டி உட்கார்த்தினாள். அருமையாக வெட்டினாள். நடுவில் ஒருதரம் "அய்யோ" என்றாள். கலைஞர்கள் அப்படி உணர்ச்சிவசப்படுவது சகஜம்.

அக்கா எட்டிப் பார்த்து, "ஏட்டி, இடது பக்கம் எலி கரம்புன மாதிரி இருக்கே" என்றாள். அக்காவுக்கு நவீன பாணி புரியாது.

படம் எடுத்தது என் போனில். மாரியின் போனில் கேமராக் கண்ணாடி உடைந்திருக்கிறது. எடுத்தவுடன் என் போனிலிருந்து தன் போனுக்கு என்னவோ அனுப்பிக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் டீ குடிக்க ராசப்பா சலூனுக்குப் போனேன். அவன் சலூனில் டீ கிடையாது. பக்கத்தில் உண்டு. ஆனாலும் உள்ளே நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அவன் கையில் தற்செயலாகக் கத்தரி இருந்தது.

"ஏல, எவன்ல இது? உன் மேல என்ன கோவம் அவனுக்கு?"

"நீ பேசாம உன் சோலியைப் பாரு."

நாளை இளையரசனேந்தல் பக்கம் ஒரு சடங்கு வீட்டில் மைக். ஆயிரம் கண் பார்க்கிற தலை. அதனால் லேசாகத் தட்டிச் சரிசெய்தான். திரும்பும் வழியில் வெளிச்சம் நன்றாக இருந்ததால் நானே ஒரு படம் எடுத்தேன். நேற்று எடுத்த படம் போனில் எப்படியோ அழிந்துவிட்டது. புதுப் படத்தை மாரியிடம் கொடுத்து ஆல்பத்தில் ஒட்டச் சொன்னேன்.

படத்தைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். "ஒரே நாள்ல இடது பக்கம் எப்படி மாமா சமமாச்சு?"

"தூங்கி எழுந்தா முடி படிஞ்சிரும்ட்டி."

சரி என்றுவிட்டாள். அறிவுள்ள பிள்ளை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஒயர் சுருட்டினேன். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 2, திங்கள்

இரண்டாம் வெட்டு. இந்தத் தடவை பிடரி. குளிர்ச்சியாக உணர்ந்தேன். தேவைக்கு மேலேயே குளிர்ச்சி.

மார்ச் 3, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை என்பதை மாரியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நாள் முழுக்கத் துண்டால் தலைப்பாகை கட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்று பேர் என்னைப் பஞ்சாயத்துத் தலைவர் என்று நினைத்து மனு கொடுக்க வந்தார்கள். சாயங்காலம் ராசப்பா வீட்டுக்கே டீ குடிக்கப் போனேன்.

அவன் மனைவி, "அண்ணாச்சி, டீ வச்சிருக்கேன், தலைப்பாகையை அவுத்துட்டுக் குடிங்க" என்றாள். ஊரில் இங்கிதம் குறைந்துவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

ஆல்பத்தில் 'எங்கே தவறியது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி மாரிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு.

"தவறு ஏதும் இல்லைன்னு எழுது."

"அப்படி எழுதுனா அந்தப் பக்கத்துக்கு மார்க் இல்ல மாமா."

"தப்பை எழுதி மார்க் வாங்குன ஆளை நான் பார்த்ததே இல்ல. மைக் மக்கர் பண்ணுனா, மைக் மக்கர் பண்ணுதுன்னு நான் சொல்லுவேனா? 'பொதுமக்கள் அமைதி காக்கவும்'னு சொல்லுவேன். பழி பொதுமக்கள் மேல போயிரும்."

"இங்க பொதுமக்கள் உங்க தலைதான்" என்றாள்.

வாய் அப்படியே என்னைக் கொண்டிருக்கிறது. அப்புறம் ரொம்ப நேரம் சீப்பை விட்டு என் முடியைக் கற்றை கற்றையாகத் தூக்கிப் பார்த்தாள். ராசப்பா தொட்ட இடமாகப் பார்த்துப் பார்த்து நின்றாள், காகிதத்தில் என்னவோ படம் வரைந்தாள். என் தலை அழகில் பிள்ளை மயங்கிவிட்டது.

மார்ச் 16, திங்கள்

நேற்று மூன்றாம் வெட்டு. இன்று டீ. ராசப்பா கத்தரியை எடுத்துச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"வலது கிருதாவுல மட்டும் கொஞ்சம் ஏத்தம் இறக்கம். பிடரி நல்லாத்தான் எறக்கியிருக்கு."

"யாரு சொல்லிக் குடுத்ததுன்னு நினைக்க? நான்தான்."

"நீயா? உனக்குப் பிடரி எந்தப் பக்கம்னு தெரியுமால?"

மார்ச் 21, சனி

சந்தனமாரிக்கு ராசப்பா சலூன் பக்கம் என்ன வேலை என்று தெரியவில்லை. இன்று அந்த வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். கேட்டால், "சும்மா, டீ குடிக்க வந்தேன் மாமா" என்றாள். இவள் டீயே குடிக்க மாட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாலாம் வெட்டு. இதற்கப்புறம் முடியைத் தொடக்கூடாது என்று கட்டளை. இருபத்து நாலாம் தேதி மதுரையிலிருந்து ஒரு மேடம் வருகிறார்கள். ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே இதே தலையில் ஒரு தடவை வெட்டிக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் வளர்க்கணும் என்று மாரி என் காதைப் பிடித்துச் சொன்னாள். பெற்றோரும் வர வேண்டுமாம்.

அத்தான், "வாரேன். மறுநாளே குருசாமி வாரேன்னு சொல்லிருக்கான். ரெண்டும் ஒரே லீவுல முடிஞ்சிரும்" என்றார்.

அக்கா அவருக்குக் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள். எனக்குப் போட்டிருந்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

பழக்கதோஷத்தில் டீ குடிக்கப் போனேன். ராசப்பா தலையைப் பார்த்தான். கத்தரியைத் திரும்ப வைத்துவிட்டு, "டீ மட்டும் குடிச்சிட்டுப் போ" என்றான்.

ஏப்ரல் 9, வியாழன்

பங்குனித் திருவிழா. தொண்டை கட்டிவிட்டது. அப்படியும் கூட்டம் என் குரலுக்காகத்தான் வந்தது, அம்மனுக்கே அது தெரியும்.

ஏப்ரல் 23, வியாழன்

நாளைக்குப் பரீட்சை. மாரி சாயங்காலம் கத்தரியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அக்கா கொடுத்த தோசையைத் தொடவில்லை. விரல் நடுங்கியது. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து விஞ்ஞானபூர்வமாக யோசித்தேன். முடி கூடுதலாக இருந்தால் தப்பும் கூடுதலாக வரும். முடி குறைந்தால் தப்பும் குறையும். முடி ஒழுங்காக வெட்டியே இருந்தால், கை நடுங்குகிற பிள்ளை சும்மா கத்தரியைக் காற்றில் ஆட்டினாலும் தலை ஒழுங்காகவே இருக்கும். இந்தக் கணக்கு பெரிய படிப்புப் படித்தவனுக்குக்கூட வராது.

ராசப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏல, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு வேணும்ல. வேண்டாம்."

"உனக்குப் பிள்ளை மேல அக்கறை இருந்தா வெட்டு. அவ தப்பே பண்ண முடியாதபடிக்கு வெட்டு."

"அவ தேறிட்டால. நான் சொல்லுதேன்."

"நீ சொன்னா மதுரைக்காரி கேட்பாளா?"

அப்புறமும் முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்டினான். கண்ணாடியில் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. மாரி கண்ணில் படாமல் இருக்க இன்று சாப்பிடப் போகவில்லை. வாழைப்பழம் இருக்கிறது.

ஏப்ரல் 24, வெள்ளி

வரலாற்று நாள். விரிவாக எழுதுகிறேன்.

காலையில் தலைப்பாகையோடு போனேன். மையத்தின் கூடத்தில் ஆறு கண்ணாடி, ஆறு நாற்காலி, ஆறு பிள்ளைகள், ஆளுக்கொரு தலை. ஒருத்தி தம்பியைக் கூட்டிவந்திருந்தாள், ஒருத்தி மாமியாரை. சுவரோரம் பெற்றோர். அத்தான் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, தீப்பெட்டி ஆபீசில் நிற்பது போலவே உட்கார்ந்திருந்தார். மதுரை மேடம் பெயர் வாசுகி. முடியைக் கட்டையாக வெட்டி, நரையை நரையாகவே விட்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு நாற்காலியாக வந்து எங்களிடம் நின்றார்கள்.

நான் தலைப்பாகையை அவிழ்த்தேன்.

பியூலா மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். வாசுகி மேடம் என் தலையை இப்படியும் அப்படியும் பார்த்தார்கள். "நல்லா வெட்டியிருக்கு. இதுல இனி நான் எதைப் பார்க்க?"

மாரி என்னைத் திட்டவில்லை. "மாமா..." என்றாள். அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷமாக மைக் பிடிக்கிறேன், இவ்வளவு சின்னக் குரல் இவ்வளவு தூரம் போய் நான் கேட்டதில்லை.

"மேடம், முடி குறைஞ்சா தப்பும் குறையும்கிற கணக்குல..." என்று விளக்க ஆரம்பித்தேன்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க" என்றார்கள் வாசுகி மேடம். அப்புறம் மாரியிடம், "வெட்ட முடி இல்லாம நான் மார்க் போட முடியாதும்மா. அடுத்த பேட்ச்ல பார்த்துக்கலாம். ஆறு மாசம்தான்."

ஆறு மாசம்தான். நாளைக்குக் குருசாமி வருகிறான். மாரி கத்தரியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். நான் துண்டை எடுத்துத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டேன். கூடத்தில் மின்விசிறி வேகம் அதிகம்.

அப்போது சுவரோரத்தில் யாரோ செருமினார்கள்.

"என் தலை ஆகுமா?"

அத்தான்!

அத்தான் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் மைதானம், சுற்றிலும் கருவேலங்காடு.

"அத்தான், உங்க தலையில..." என்றேன்.

"வாயை மூடுல. சுத்தி இருக்குல்ல? வெட்டி ரெண்டு மாசமாச்சு." மேடத்தைப் பார்த்து, "ஓசிதானங்க?" என்றார்.

வாசுகி மேடம் சிரித்துவிட்டார்கள். "ஒரே தலைன்னு விதி. ஆனா புதுத் தலையில நல்லா வெட்டினா அது அதைவிடப் பெரிய சாட்சி. உனக்குச் சம்மதமாம்மா? இந்த மாதிரித் தலை ரொம்பக் கஷ்டம்."

மாரி துணியை உதறி அப்பா கழுத்தில் கட்டினாள்.

"யப்பா, குனிங்க."

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்கே நிமிர்ந்து நின்று வணக்கம் வைக்கிற மனுஷன். குனிந்தார். மாரி அவர் உச்சியில் கை வைத்துத் தலையைச் சாய்த்தாள். அந்தக் கை நடுங்கவில்லை. முதலில் ஒரு நிமிஷம் சீப்பை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் கத்தரிச் சத்தம், மழை தூறுகிற மாதிரி ஒரே சீராக.

அவள் வெட்டும்போதே வாசுகி மேடம் ஆல்பத்தைப் புரட்டினார்கள். நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் வெட்டியபின் என் தலை இரண்டு தடவை இருந்தது! என் போனில் அழிந்துபோன படங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஒன்றின் கீழே 'நான் வெட்டியது'. பக்கத்தில் 'ராசப்பா அண்ணன் திருத்தியது'. இரண்டுக்கும் நடுவில் அம்புக்குறி போட்டு, என்ன வித்தியாசம், அவர் ஏன் அங்கே குறைத்தார், நான் ஏன் அங்கே விட்டேன் என்று பென்சில் படத்தோடு எழுதியிருந்தாள்.

"ராசப்பா யாரும்மா?"

மாரி கத்தரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க மாமா டீ குடிக்கப் போற கடை மேடம்."

கூடமே சிரித்தது. எனக்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு என்பதால் நானும் சிரித்தேன்.

"ஒவ்வொரு தடவையும் மாமா போய்ச் சரி பண்ணிட்டு வந்துருவாங்க. முதல்ல அழுகையா வந்துச்சு. அப்புறம் என்னத்தைச் சரி பண்ணிருக்காருன்னு பார்த்தேன். புரியாததை அண்ணன்கிட்டயே போய்க் கேட்டுக்கிட்டேன்."

"நாலாவது பக்கத்துல வெட்டுனபிறகு ஒரு படம்தானே இருக்கு?"

"அந்தத் தடவை அண்ணன் மாமா தலையைத் தொடலை மேடம்."

வாசுகி மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு எழுந்து வந்து அத்தான் காதோரம் விரலை ஓட்டினார்கள். மைதானம் முடிகிற இடமும் காடு தொடங்குகிற இடமும் எங்கே என்றே தெரியவில்லை.

"எப்படி சார் இருக்கு?"

அத்தான் கண்ணாடியைப் பார்த்தார். பிடரியைத் தடவினார். இன்னொருதரம் தடவினார்.

"காத்தோட்டமா இருக்கு" என்றார்.

ஏப்ரல் 25, சனி

குருசாமி வந்தான். முடிவு தெரிய இன்னும் ஒரு வாரம் ஆகும் என்பதால் அக்கா அடுக்களைக்குள் சாமி படத்தின் முன் நின்றுகொண்டிருந்தாள். மாரி பையில் துணி அடுக்கியிருந்தாள். சொன்னால் சொன்னபடி நடக்கிற பிள்ளை.

"என்ன மாடசாமி, பிள்ளை ரெடியா?" என்ற குருசாமி, அத்தானை உற்றுப் பார்த்தான். "என்னய்யா, அஞ்சு வயசு குறைஞ்சிருக்கு? எங்க வெட்டுன?"

அத்தான் பிடரியைத் தடவினார். நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா உள்ளேயிருந்து கரண்டியைக் காட்டினாள்.

"எம் மக வெட்டுனா" என்றார் அத்தான். "மில்லுக்கு வேற ஆளைப் பாரு. மதுரை இல்லைன்னா இங்கயே ஒரு நாற்காலி போட்டுக் குடுப்பேன்."

மாரி பையைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். குருசாமி காப்பி குடித்துவிட்டுப் போனான்.

மே 2, சனி

முடிவு வந்தது. மதுரைக்கு இரண்டு பேர். முதல் பெயர் சந்தனமாரி. எல்லாம் நான் போட்ட திட்டம் என்று தெருவில் எல்லாருக்கும் தெரிவித்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

காலை பஸ்ஸில் மாரியை ஏற்றிவிட்டோம். அங்கேயே தங்க விடுதியும் இருக்கிறது. பஸ் கிளம்புமுன் அத்தான் ஜன்னலோரம் நின்று, "அடுத்த மாசம் லீவு உண்டுல்ல? அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் வெட்ட மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு ஒயின்ஷாப் பக்கம் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார். அவர் குடிக்கவே மாட்டார்.

அங்கிருந்து நேரே ராசப்பா சலூன். நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஆல்பம் ஜெயித்த கதையை வரிசையில் இருந்தவர்களுக்கு விளக்கினேன். மதுரை மேடம் எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்ன இடம் வந்தபோது ராசப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏல, நிறுத்து. அந்த ஆல்பத்துல பாதி வேலை அவ செஞ்சது, பாதி நான் செஞ்சது. உன்னுதுன்னு அதுல என்னல இருக்கு?"

வரிசையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தலை" என்றேன்.